வுட் பெட்டனி: நிழல் தோட்டத்தில் ஓர் அரை ஒட்டுண்ணியை வளர்ப்பது எப்படி?

வுட் பெட்டனி செடியை வாங்கி வந்து, நல்ல மண் நிரப்பி, உரம் போட்டு, சுற்றிலும் ஒரு புல் விடாமல் பிடுங்கிச் சுத்தமாக வைத்தால், அது மெலிந்து மெலிந்து செத்துப்போகும். மற்ற செடிகளுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்யும் கவனிப்பெல்லாம் இதற்கு எதிராகப் போய்விடுகிறது. ஏனென்றால் இது பக்கத்துச் செடியின் வேரோடு தன் வேரைச் சேர்த்துக்கொண்டு வாழும் செடி. துணை இல்லாமல் தேறாது. ஆகவே வுட் பெட்டனி வளர்ப்பது என்றால் முதலில் அதன் துணைச் செடிகளை வளர்ப்பது என்று அர்த்தம். அந்த வரிசை புரிந்துவிட்டால் மீதியெல்லாம் சுலபம்.

இது கிழக்கு வட அமெரிக்காவின் செடி. கனடாவின் கியூபெக், மனிடோபா தொடங்கி தெற்கே ஃபுளோரிடா, டெக்சஸ் வரை ஓக் காடுகளிலும், காட்டு ஓரங்களிலும், மணற்பாங்கான புல்வெளிகளிலும் தானாக வளர்கிறது. டொராண்டோ, நியூ ஜெர்சி, சிகாகோ பக்கம் குடியிருந்து, வீட்டுக்குப் பின்னால் ஓக் மரமும் அதன் கீழே என்ன நடுவதென்று தெரியாத நிழலும் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ இதை வளர்க்க முயல வேண்டாம். நீண்ட குளிர்காலம் தாண்டாமல் இதன் விதை சரியாக முளைக்காது.

செடியை முதலில் அறிமுகம் செய்துகொள்வோம்

தாவரவியல் பெயர் பெடிகுலாரிஸ் கனடென்சிஸ். உயரம் 15 முதல் 40 சென்டிமீட்டர். பனி உருகியதும் தரையை ஒட்டிக் கொத்தாக இலைகள் வரும். பெரணி இலை மாதிரி ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு, இளசில் ஆழ்ந்த செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். பிறகுதான் பச்சைக்கு மாறும். ஏப்ரல் முதல் ஜூன் வரை, இடத்தைப் பொறுத்து, பூக்கும்.

பூவைக் குனிந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு பூவிலும் மேல் இதழ் நீண்டு முன்னோக்கி வளைந்து ஒரு முக்காடு போல நிற்கும். அதன் நுனியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இரண்டு பற்கள் இருக்கும். கீழ் இதழ் மூன்றாகப் பிரிந்து குட்டையாக இருக்கும், வண்டு வந்து இறங்க அதுதான் மேடை. நிறம் வெளிர் மஞ்சள். சில செடிகளில் முக்காடு மட்டும் செம்பழுப்பு, சிலவற்றில் பூ முழுவதுமே செம்பழுப்பு. பூக்கொத்தை நேர் மேலிருந்து பார்த்தால் பூக்கள் ஒரே பக்கமாகச் சுழன்று நிற்பது தெரியும். கீழ்ப் பூக்கள் முதலில் மலர்ந்து, கொத்து மேலே நீண்டுகொண்டே போகும். இந்த ஒரு காட்சிக்காகவே இதை வளர்க்கலாம் என்பேன்.

தேனுக்கு வருவது பெரும்பாலும் பம்பிள் தேனீக்கள், அதிலும் குளிர்காலத் தூக்கம் கலைந்து புதுக்கூடு கட்டத் தொடங்கும் ராணிகள். பூவின் அடியில் ஆழத்தில் இருக்கும் தேனை எட்ட நீண்ட நாக்கு வேண்டும், அது அவற்றுக்கு உண்டு. ராணி தலையை உள்ளே நுழைக்கும்போது முக்காட்டுக்குள் இருக்கும் மகரந்தம் அதன் உடலில் படியும். காட்டில் பூக்கள் குறைவாக இருக்கும் பருவத்தில் ராணிகளுக்கு இது பெரிய உதவி.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது?

மாமரத்தில் தொங்கும் புல்லுருவியை எல்லோரும் பார்த்திருப்போம். அதற்குப் பச்சை இலை உண்டு, தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ளும். தண்ணீரையும் உப்புச்சத்தையும் மரத்திடமிருந்து எடுத்துக்கொள்ளும். இப்படிப்பட்டதைத்தான் அரை ஒட்டுண்ணி என்கிறார்கள். வுட் பெட்டனியும் அதே ஜாதிதான், ஆனால் கிளையில் ஏறாது, மண்ணுக்குள் வேரோடு வேராக இந்த வேலையைச் செய்யும். இதன் வேர் இன்னொரு செடியின் வேரைத் தொடும் இடத்தில் கடுகைவிடச் சிறிய ஒரு முடிச்சு உருவாகும். அதற்கு உறிஞ்சு வேர் என்று பெயர். அந்த முடிச்சு துணைச் செடியின் வேரைத் துளைத்து, அதில் தண்ணீர் ஏறும் குழாயோடு இணைந்துகொள்ளும்.

நமக்கு நன்றாகத் தெரிந்த சந்தனமும் இப்படித்தான். ஜவ்வாது மலைச் சந்தனத்துக்குப் பக்கத்தில் எப்போதும் வேறு மரம் செடி இருக்கும். நாற்றங்காலில் சந்தன நாற்றோடு துவரையையோ பொன்னாங்கண்ணியையோ சேர்த்து வளர்ப்பார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு இந்த வழிகாட்டியில் பாதி ஏற்கெனவே தெரியும்.

ஒட்டுண்ணி என்றதும் சிலருக்குப் பயம் வரும். சோளக் கொல்லையையும் கரும்பையும் கெடுக்கும் சுடுமல்லியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானது. சுடுமல்லியும் வுட் பெட்டனியும் ஒரே தாவரக் குடும்பம், ஓரோபாங்கேசியே. ஆனால் சுடுமல்லி குறிப்பிட்ட சில பயிர்களைக் குறிவைத்து ஒரே பருவத்தில் ஆளை வீழ்த்தும். வுட் பெட்டனி பல்லாண்டுச் செடி. துணையைக் கொன்றால் தனக்கும் பிழைப்பில்லை. அது ஒரே செடியை நம்பியும் இருப்பதில்லை. 35 குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 80 வகைச் செடிகளின் வேரில் இது ஒட்டியிருப்பது பதிவாகியிருக்கிறது. ஒரே சமயத்தில் நாலைந்து செடிகளிடம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும்.

இந்தக் குணமே தோட்டத்துக்கு லாபம். உயரமாக, முரட்டுத்தனமாகப் பரவும் புல்லும் கோல்டன்ராடும் இதன் பக்கத்தில் வீரியம் குறைந்து நிற்கும். அந்த இடைவெளியில் வயலெட், காட்டு ஸ்ட்ராபெரி போன்ற குட்டைச் செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கும். இங்கிலாந்தில் பழைய புல்வெளிகளை மீட்டெடுப்பவர்கள் யெல்லோ ராட்டில் என்ற இன்னொரு அரை ஒட்டுண்ணியை வேண்டுமென்றே விதைப்பது இதே காரணத்துக்காகத்தான். ஒரே செடி மற்றவற்றை அமுக்கிக்கொண்டிருக்கும் இடத்தில் பலவகையைக் கொண்டுவர எனக்குத் தெரிந்து இதைவிட அமைதியான வழி வேறு கிடையாது.

படி 1: இடம் பார்ப்பது

நிழல் என்றால் எந்த நிழல் என்பதுதான் கேள்வி. ஓக், ஹிக்கரி மரத்தடியில் விழும் சல்லடை நிழல் மிகப் பொருத்தம். ஓக் மரம் வசந்தத்தில் தாமதமாகத்தான் இலை விடும். வுட் பெட்டனி அதற்கு முன்பே எழுந்து, கிடைக்கும் வெயிலில் பாதி வளர்ச்சியை முடித்துவிடும். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் வரும் காட்டு ஓரம், வீட்டின் கிழக்குப் பக்கம் எல்லாம் சரி. நார்வே மேப்பிள் அடியில் விழும் இருட்டு நிழல் உதவாது, அங்கே துணைச் செடிகளே நிற்காது.

மண் லேசாகப் புளிப்புத் தன்மையோடு இருந்தால் நல்லது, நடுநிலை மண்ணிலும் வளரும். மணல் கலந்த மண், சரளை மண், சத்துக் குறைந்த மண் எதுவும் பரவாயில்லை. மழை பெய்து ஒரு நாள் கழித்தும் தண்ணீர் நிற்கும் பள்ளம் மட்டும் வேண்டாம்.

படி 2: துணைச் செடிகளை நடுவது

முழு வேலையில் இதுதான் முக்கியம், இதற்கு ஒரு வருடம் ஒதுக்குங்கள். வுட் பெட்டனியை நடுவதற்கு முந்தைய வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ இடத்தைத் துணைச் செடிகளால் நிரப்ப வேண்டும்.

என் முதல் தேர்வு பென்சில்வேனியா செட்ஜ். கோரைக்கு உறவான செடி, முழங்காலுக்குக் கீழேயே நிற்கும், வறண்ட நிழலையும் தாங்கும். வேர் மெல்லியதாக, அடர்த்தியாக, மண்ணின் மேல்மட்டத்திலேயே பரவுவதால் வுட் பெட்டனி நாற்றின் வேர் எந்தப் பக்கம் போனாலும் ஒரு செட்ஜ் வேரைத் தொட்டுவிடும். சிறு நாற்றாக வாங்கி 25 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஓரிரு வருடத்தில் தரை மூடும்.

செட்ஜ் மட்டும் போதும் என்று நிறுத்திக்கொள்ள வேண்டாம். பலவகை வேர் கிடைத்தால் இந்தச் செடிக்கு ஆபத்துக் குறைவு, ஒரு துணை வாடினாலும் இன்னொன்று தாங்கும். காட்டு ஸ்ட்ராபெரி, காட்டு ஜெரேனியம், நிழலில் வளரும் ஆஸ்டர் வகைகள், ஸிக்ஸாக் கோல்டன்ராட் ஆகியவற்றை நடுநடுவே வையுங்கள். வெயில் கொஞ்சம் அதிகம் விழும் ஓரத்தில் லிட்டில் புளூஸ்டெம் புல் நன்றாக இருக்கும். கிழக்குக் கொலம்பைனும் ஊதா உட்லேண்ட் ஃபிளாக்ஸும் அதே பருவத்தில் பூத்து, மஞ்சள் பூவுக்குப் பக்கத்தில் சிவப்பும் நீலமும் தரும்.

எதைப் பக்கத்தில் வைக்கக் கூடாது? டிரில்லியம் போல வருடக்கணக்கில் மெதுவாக வளரும், விலை அதிகமான செடிகளைத் தள்ளி வைப்பது நல்லது. ஒட்டிக்கொள்ளுமா மாட்டாதா என்று பரீட்சை பார்க்கும் இடம் அது இல்லை.

படி 3: செடியோ விதையோ வாங்குவது

கடையில் பெட்டனி என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் ஐரோப்பியப் பெட்டனி. அது துளசிக் குடும்பம், ஊதாப் பூ, ஒட்டுண்ணி கிடையாது. நல்ல செடிதான், ஆனால் நாம் தேடுவது அதுவல்ல. எனவே பெடிகுலாரிஸ் கனடென்சிஸ் என்று முழுப் பெயர் சொல்லிக் கேளுங்கள். உள்ளூர் வகைச் செடிகள் மட்டும் விற்கும் நர்சரிகளில் விதை கிடைக்கும், தொட்டிச் செடி அபூர்வம். தொட்டிச் செடி வாங்கினால் அதே தொட்டியில் புல்லோ செட்ஜோ கூட வளர்கிறதா என்று பாருங்கள். வளர்ந்தால் வாங்கலாம். தொட்டியில் தனியாக நின்றால் பலவீனமான செடி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காட்டிலிருந்து பெயர்த்து வருவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பூங்காக்களிலும் காப்புக்காடுகளிலும் அது சட்டப்படி குற்றம். அதற்கு மேல், மண்வெட்டி பட்டதும் உறிஞ்சு வேர்கள் அறுந்துவிடும், செடி பெரும்பாலும் பிழைக்காது. காட்டுக்கும் இல்லாமல் நமக்கும் இல்லாமல் போகும்.

இந்தப் பேரினத்தில் எவ்வளவு அரிய செடிகள் உண்டு என்பதற்கு ஒரு சம்பவம் சொல்லலாம். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலும் கனடாவின் நியூ பிரன்சுவிக்கிலும் செயிண்ட் ஜான் ஆற்றங்கரையில் மட்டும் வளரும் ஃபர்பிஷ் லவுஸ்வொர்ட் என்ற பெடிகுலாரிஸ் இனத்தை 1880-ல் கேட் ஃபர்பிஷ் என்ற பெண்மணி கண்டெடுத்தார். பிற்பாடு அது அழிந்துவிட்டதாகவே நினைத்தார்கள். டிக்கி-லிங்கன் அணைத் திட்டத்துக்காக அந்தக் கரையை ஆராயப் போனபோது, 1976-ல், செடி உயிரோடு இருப்பது தெரியவந்தது. அணைக்கு எதிரான வாதங்களில் அந்தச் செடியும் முக்கியமான ஒன்றாக ஆனது. அணை கட்டப்படவில்லை.

படி 4: விதைப்பது

இதற்கு இரண்டு வழி உண்டு. முதல் வழி, இலையுதிர் காலத்தில் நேரடியாக நிலத்தில் விதைப்பது. அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம் சரியான நேரம். துணைச் செடிகளுக்கு நடுவே உதிர்ந்த இலைகளை ஒதுக்கி, கை ரேக்கால் மண்ணை லேசாகக் கீறுங்கள். விதை மிகச் சிறியது, ஆகவே ஒரு பங்கு விதைக்கு இருபது பங்கு ஈர மணல் கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. மேலே மண் போடாதீர்கள், உள்ளங்கையால் அழுத்திவிட்டால் போதும். குளிர்காலத்தின் ஈரமும் பனியும் மீதி வேலையைச் செய்யும். எனக்குப் பிடித்தது இந்த வழிதான். விதை கொஞ்சம் வீணாகும், ஆனால் முளைக்கும் நாற்று முதல் நாளிலிருந்தே சரியான இடத்தில் இருக்கும்.

இரண்டாவது வழி தொட்டி. விதை குறைவாக இருந்தால் இதைச் செய்யுங்கள். விதையை ஈர மணலோடு சிறு பையில் போட்டு ஃப்ரிட்ஜில் 60 நாள் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. 10 சென்டிமீட்டர் தொட்டியில் ஏற்கெனவே வேர் பிடித்த செட்ஜ் கொத்து ஒன்று இருக்கட்டும். வசந்தத்தில் அதன் இலைகளை விரலளவுக்கு வெட்டிவிட்டு, அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி நான்கைந்து விதைகளை மேலாக வைத்து அழுத்துங்கள். செட்ஜ் மறுபடி வளர்ந்து நாற்றை மூடும்போதெல்லாம் திரும்ப வெட்டுங்கள். சந்தன நாற்றங்காலிலும் துவரை நாற்றை மூடாமல் இருக்க அதைக் கிள்ளிவிடுவார்கள், அதே கணக்கு.

முளைத்த நாற்றைப் பார்த்துக் களை என்று பிடுங்கிவிட வாய்ப்பு அதிகம். முதல் வருடம் அங்குல அளவுக்குச் சின்னதாக, பெரணிக் குஞ்சு மாதிரி ஒரு இலைக்கொத்துதான் இருக்கும். விதைத்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள்.

படி 5: தொட்டியிலிருந்து நிலத்துக்கு

அடுத்த இலையுதிர் காலத்திலோ, அதற்கடுத்த வசந்தத் தொடக்கத்திலோ நடலாம். மற்ற செடிகளுக்குச் செய்வது போல வேரை உதறிப் பிரிக்கக் கூடாது. வுட் பெட்டனி, செட்ஜ், மண் மூன்றும் ஒரே கட்டியாகக் குழியில் இறங்க வேண்டும். குழியை நிலத்தில் உள்ள துணைச் செடிக்கு ஒரு சாண் தள்ளித் தோண்டினால், கட்டிக்குள் இருக்கும் வேர் விரைவில் வெளியே உள்ள வேர்களையும் தொட்டுவிடும். தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள்.

முதல் கோடையில் மழை இல்லாத வாரங்களில் மண் ஒரு விரல் ஆழம் நனையும்படி தண்ணீர் விடுங்கள். துணைச் செடிக்கும் சேர்த்துத்தான் விட வேண்டும். அது வாடினால் இதுவும் வாடும். இவ்வகை அரை ஒட்டுண்ணிகள் இலைத்துளைகளைத் திறந்தே வைத்து நிறைய நீரை ஆவியாக்கி, அந்த இழுப்பால்தான் துணையிடமிருந்து நீரை வாங்குகின்றன. ஆகவே வெயில் கடுமையான நாளில் பக்கத்துச் செடிகளுக்கு முன்பாகவே இது தலை தொங்கும்.

படி 6: வருடாந்தரப் பராமரிப்பு

உரம் வேண்டாம். கம்போஸ்ட்டும் வேண்டாம். மண்ணில் சத்து ஏறினால் துணைச் செடிகள் கொழுத்து உயர்ந்து வுட் பெட்டனியை நிழலில் மூழ்கடித்துவிடும். இதைப் படித்த பிறகும் ஒரு கை உரம் போடத் தோன்றும். போடாதீர்கள்.

இலையுதிர் காலத்தில் ஓக் இலை அரையடிக்குக் குவிந்தால் பாதியை அள்ளிவிடுங்கள், அல்லது நொறுக்கி மெல்லிசாகப் பரப்புங்கள். பனி உருகும் சமயம், புது இலை எழும் முன், செட்ஜையும் புல்லையும் வெட்டிவிடுவது நல்லது, வசந்த வெயில் நேராகத் தரையில் விழும்.

கார்லிக் மஸ்டர்ட் போன்ற களைகளைக் கொத்திப் புரட்டக் கூடாது. மண் ஈரமாக இருக்கும்போது அடித்தண்டைப் பிடித்து மெதுவாக இழுங்கள். மண்ணைக் கிளறும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத இணைப்புகள் அறுபடுகின்றன.

கோடை முற்றும்போது இலைகள் மங்கிக் கருகத் தொடங்கும். செடி செத்துவிட்டதென்று தோண்டிப் பார்க்க வேண்டாம், அடுத்த வசந்தம் வரை பொறுங்கள். பூவுக்கும் அவசரப்படக் கூடாது. விதையிலிருந்து வந்த செடி பூக்க இரண்டு மூன்று வருடமாவது ஆகும், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். ஒரு தரம் காலூன்றிவிட்டால் மண்ணுக்குள் ஓடும் குட்டையான தண்டால் மெல்ல மெல்லப் பரவித் திட்டாக அடரும். திட்டுக்குள் புல் மெலிந்து, ஓரத்தில் புல் உயர்ந்து நிற்பது தெரிந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம்.

சாப்பிடலாமா, மருந்தாகுமா?

வேண்டாம் என்பதே என் பதில். அமெரிக்கப் பூர்வகுடியினர் இதை மருந்தாகப் பயன்படுத்தியது உண்மைதான். ஆனால் பெடிகுலாரிஸ் இனங்கள் துணைச் செடியில் இருக்கும் ஆல்கலாய்டுகள் என்ற, நஞ்சாகவும் இருக்கக்கூடிய வேதிப்பொருள்களையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்வது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. அதாவது, உங்கள் தோட்டத்துச் செடிக்குள் என்ன இருக்கிறது என்பதை அதன் பக்கத்தில் என்ன வளர்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். ராக்வொர்ட் போன்ற ஈரலைக் கெடுக்கும் செடி பக்கத்தில் இருந்தால் கதை வேறு.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

பெடிகுலாரிஸ் பேரினம் நமக்கு அந்நியம் இல்லை. உலகில் 600-க்கும் மேற்பட்ட இனங்கள், பெரும்பாலானவை இமயமலையிலும் மேற்குச் சீனத்து மலைகளிலும். நீலகிரியில் சோலைக்காடுகளை ஒட்டிய உயரமான புல்வெளிகளில் பெடிகுலாரிஸ் சைலானிகாவும் பெடிகுலாரிஸ் பெரோட்டெட்டியும் வளர்கின்றன. முதலாவது இலங்கை மலைநாட்டிலும் உண்டு. அவற்றை இடத்திலேயே விட்டுப் பார்க்க வேண்டும். வாட்டிலும் யூகலிப்டசும் ஏறி அந்தப் புல்வெளி சுருங்கிவருவதால், செடியைக் காப்பாற்ற நினைப்பவர்கள் புல்வெளியைக் காப்பாற்றும் வேலையில் சேர்வதுதான் வழி.

படி 7: விதை சேகரிப்பது

ஜூன் கடைசியிலிருந்து காய்களைக் கவனியுங்கள். தட்டையாக, நுனி கூர்மையாக, பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறும். பழுத்ததும் ஒரு பக்கம் பிளக்கும். பிளக்கும் முன்பு பூத்தண்டை வெட்டித் தலைகீழாகக் காகிதப் பைக்குள் வைத்துவிட்டால் சில நாளில் விதை பைக்குள் உதிரும். திட்டில் உள்ள தண்டுகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் எடுக்க வேண்டாம், மீதி தன் இடத்திலேயே விழட்டும். விதையை நெடுநாள் வைத்திருந்தால் முளைப்புத்திறன் குறையும் என்பதால் அதே இலையுதிர் காலத்தில் விதைத்துவிடுங்கள். நண்பர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால், பையோடு சேர்த்து நாலு செட்ஜ் நாற்றும் கொடுங்கள்.